வலது பக்கப் புள்ளி

அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. கடல் இல்லை, போட்டு இல்லை, வீட்டுக் கூடத்தில் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டு என் வீட்டுக்காரர் போனில் அந்த ஆப்பைத் திறந்து மணியை ஓர் அமுக்கு அமுக்குவார். ஆட்டைக் காதைப் பிடித்து முறுக்கினதுபோல அது கத்தும். நான் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாலும் கத்தும், ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாலும் கத்தும்.

"இந்தாங்க, ஒங்களுக்கு வேற வேலையே இல்லையா? தெனந்தெனம் இதே எழவா?"

"வாயி இருக்கான்னு பாத்துக்கிறேன் புள்ள. இது ஊமையாப் போச்சுன்னா நான் உள்ள போயிருவேன்ல."

உள்ளே என்றால் ஜெயில்தான். அவர் ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகு ஓட்டுகிற டிரைவர். போட்டு வேறொருவருடையது, ஓட்டுவது மட்டும் இவர். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் ஒருமுறை கடல் எல்லையைத் தாண்டிவிட்டார் என்று அக்கரை நேவிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். சில மாதம் கழித்து அங்கே கோர்ட்டில் விட்டார்கள். சும்மா விடவில்லை. இன்னொரு தடவை எல்லைக்கு அந்தப் பக்கம் பிடிபட்டால் மன்னிப்பே கிடையாது, வருஷக்கணக்கில் உள்ளேதான் என்று சொல்லி, தலையாட்ட வைத்து அனுப்பினார்கள். அந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் சோறு, துணி, வாடகை எல்லாவற்றுக்கும் மேலே தொங்கியது அந்த ஒரே பேச்சுதான். இன்னொரு தடவை கூடாது.

கடலில் வேலி கிடையாது, கல் கிடையாது. போட்டில் ஜி.பி.எஸ். பெட்டி ஒன்று இருக்கிறது, ஆனால் அது இடத்தை எண்ணாகத்தான் காட்டும். வலை இழுக்கிற நேரத்தில் எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்க யாருக்கு நேரம்? எல்லை நெருங்கும்போது கூப்பாடு போட்டு எச்சரிக்கிற ஒரே பொருள் அந்த ஆப்தான். சிக்னல் இல்லாத இடத்திலும் அது வேலை செய்யும். அதனால் அந்தச் சத்தத்தைத் திட்டுவேனே தவிர, மனசுக்குள் அது கத்தும்போதெல்லாம் மாதாவுக்கு ஒரு நன்றி சொல்லிக்கொள்வேன். வெளியே சொன்னால் மனுஷன் இன்னும் இரண்டு தடவை அமுக்குவார்.

நான் பிறந்தது ஆவூர்ப் பக்கம். வானம் பார்த்த பூமி. எங்கள் அப்பா கடலைப் பயிரைப் பார்த்திருக்கிறாரே ஒழியக் கடலைப் பார்த்ததில்லை. புதுக்கோட்டையில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, கடற்கரையில் வாக்கப்பட்டு, சும்மா இருக்கப் பிடிக்காமல் துறைமுகம் போகிற ரோட்டில் ஒரு செல்போன் கடை வைத்தேன். ரீசார்ஜ், சார்ஜர், கண்ணாடி மாற்றுவது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பாலித்தீன் உறை. போனைக் கடலுக்குக் கொண்டுபோகிறவர்கள் அதை உறையில் போட்டு வாயைக் கட்டி, ரப்பர் பேண்டு சுற்றித்தான் கொண்டுபோவார்கள். உப்புத் தண்ணீர் பட்டால் போன் அன்றைக்கே செத்துப்போகும். துறைமுகத்தில் பாதிப்பேரின் போனில் அந்த ஆப்பை ஏற்றிக் கொடுத்தது நான்தான். தொட்டால் என்ன ஆகும், அமுக்கினால் என்ன ஆகும் என்று ஒவ்வொருவர் விரலையும் பிடித்துக் காட்டாத குறையாகச் சொல்லிக்கொடுத்தேன்.

பழைய ஆப் பார்ப்பதற்குத் திருவிழாக் கடை மாதிரி இருக்கும். நீல அலை, நிழல் விழுகிற படகு, கையில் பிடித்து இழுக்கலாம்போலத் தடித்த சிவப்பு வடமாக எல்லைக்கோடு. கீழே ஓரத்தில் பித்தளை நிறத்தில் ஒரு மணி, உப்பலாக, பார்த்தாலே அமுக்கத் தோன்றும். ஓர் அமுக்கு அமுக்கினால் கத்திக் காட்டும், அமுக்கிப் பிடித்தால் அணையும். அணைத்துவிட்டால் மணிக்கு மேலே கொட்டை கொட்டையாக ஒரு சிவப்புப் பெருக்கல் குறி வந்துவிடும். படிக்கத் தெரியாதவருக்கும் தெரியும். கண் மங்கினவருக்கும் தெரியும்.

அழகெல்லாம் சரி. திறக்கச் சொன்னால் அது திறப்பதற்குள் டீ குடித்து முடித்துவிடலாம். போன் இட்லித் தட்டு மாதிரி சுடும். சார்ஜ் கரையும். மலிவு போன் வைத்திருந்தவர்களுக்குப் பாதிக் கடலில் அப்படியே உறைந்து நிற்கும். படம் ஓர் இடத்தில், போட்டு ஓர் இடத்தில். அப்படி நின்றுபோய் ஒரு போட்டு எல்லை வரைக்கும் போய்த் தப்பித்து வந்த பிறகு, போட்டு முதலாளிகள் எல்லாம் சேர்ந்து, இதை மாற்றியே ஆகவேண்டும் என்று ஆப் செய்த கம்பெனியிடம் சண்டை போட்டார்கள். நானும்தான் போட்டேன். வாய் இருக்கிறதே.

கம்பெனிக்காரர்கள் மாற்றினார்கள். மாற்றினதைக் காட்டுவதற்குப் புதுக்கோட்டையில் ஒரு ஹாலில் கூட்டம் வைத்தார்கள். அவர்கள் குறித்த நாள் போட்டு கடலுக்குப் போகிற நாள். எங்கள் பக்கம் எந்தெந்த நாள் போகலாம் என்று முறை இருக்கிறது, டோக்கன் வாங்கிக்கொண்டுதான் போகவேண்டும். சென்னையில் இருக்கிறவர்களுக்கு இது எங்கே தெரியும்? டிரைவர் ஒருவர்கூட வரவில்லை. முதலாளிகள் சிலர், சங்கத்து ஆட்கள், அப்புறம் பஸ்ஸில் இடிபட்டுக்கொண்டு போன நான்.

திரையை வரைந்த பெண் வந்திருந்தாள். சின்ன வயது, நல்ல பெண். நான் சண்டை போடுகிற முகத்தோடு போனேன். அவள் பேசப் பேச என் முகம் தானாக இளகிவிட்டது.

"நிழல், பளபளப்பு, படகுப் படம், இது ஒவ்வொண்ணும் போனுக்குச் சுமைக்கா. எல்லாத்தையும் எடுத்துட்டோம். இப்ப பழைய போன்லகூட ஒடனே தெறக்கும். எழுத்தும் பெருசாக்கியிருக்கோம். தட்டையா, சுத்தமா இருக்கும்."

திறந்து காட்டினாள். சொடக்குப் போடுகிற நேரத்தில் திறந்தது. என் பழைய போனில் போட்டுப் பார்த்தேன், அதிலும் திறந்தது. நான் கை தட்டினேன். ஹாலில் முதலில் கை தட்டினது நானாகத்தான் இருக்கும்.

வெள்ளைத் திரை. மெல்லிய கோடாக எல்லை. படகு இருந்த இடத்தில் ஒரு பொட்டு. மணியைக் காணோம். அந்த இடத்தில் மாத்திரை மாதிரி ஒரு நீள்வட்டம், அதற்குள் ஒரு புள்ளி. புள்ளி வலது பக்கம் இருந்தால் சத்தம் வரும்; இடது பக்கம் தள்ளினால் வராது. வலது பக்கம் இருக்கும்போது நீள்வட்டம் இளம் பச்சை, இடது பக்கம் இருக்கும்போது இளம் சாம்பல். அவ்வளவுதான் வித்தியாசம். புள்ளி வலது பக்கம் இருக்கும்போது அமுக்கிப் பிடித்தால் மட்டும் ஒரு கத்து கத்திக் காட்டும்.

"எது அமுக்குறது, எது வெறுமன படிக்கிறதுன்னு எப்படிம்மா தெரியும்? எல்லாம் ஒண்ணுபோலயில்ல இருக்கு?" என்று கேட்டேன்.

"கொஞ்ச நாள்ல பழகிடும்க்கா. இப்ப எல்லா ஆப்பும் இப்படித்தானே?" என்றாள். அப்புறம் அவளாகவே ஒன்று கேட்டாள். "போட்டுல போன எங்கக்கா வச்சிருப்பாங்க? கையிலயா?"

"கையில எங்க வைக்கிறது? டிரைவர் மொகத்துக்கு நேரா தொங்கும்" என்றேன்.

கேட்கவேண்டிய கேள்வியைத்தான் அவள் கேட்டாள். நானும் தெரிந்ததைத்தான் சொன்னேன். அதற்குமேல் சொல்ல அங்கே யாருக்கும் தெரியவில்லை. முதலாளிகள் கடலுக்குப் போய் எத்தனையோ காலம் ஆகியிருந்தது, நான் போட்டில் கால் வைத்ததே கிடையாது. எங்கள் கரையில் பெண்கள் போட்டில் ஏறுகிற வழக்கம் இல்லை.

புது ஆப் வந்ததும் கடையில் கூட்டம் தாங்கவில்லை. "என்ன தங்கச்சி, அமுக்க ஒண்ணுமே இல்ல, வெள்ளைக் காயிதம் மாதிரில்ல இருக்கு?" என்று ஒருவர் வருவார். தலைப்பை அமுக்கு அமுக்கென்று அமுக்கி ஒன்றும் நடக்கவில்லை என்று இன்னொருவர் போனைத் தூக்கி என்மேல் எறியாத குறை. நீல எழுத்தாக இருந்தால் அது பட்டன், கறுப்பாக இருந்தால் வெறும் எழுத்து என்று நான் தொண்டைத்தண்ணி வற்றக் கத்தினேன். "அப்ப பட்டன பட்டன் மாதிரி வரையிறதுக்கு என்ன கேடு?" என்றார் ஒருவர். போன் சூடாகாது, சார்ஜ் நிற்கும், நடுக்கடலில் உறையாது என்று பாடினேன். அது உண்மைதான். அந்த மழைக்காலம் முழுவதும் ஒருவர் போனும் உறைந்து நிற்கவில்லை.

என் வீட்டுக்காரர் மட்டும் வழக்கத்தை மாற்றவில்லை. மணி போய் மாத்திரை வந்தாலும் கூடத்தில் உட்கார்ந்து அதை அமுக்கிப் பிடித்துக் கத்த வைப்பார். அந்தக் காலையிலும், கிளம்புவதற்கு முன்னால் கத்த வைத்தார். நான் வழக்கம்போலத் திட்டினேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அன்றைக்குக் காற்று ஒரு மாதிரி இருந்தது. அலையும் இல்லை, அமைதியும் இல்லை. துறைமுகத்துத் தண்ணீர் எண்ணெய் கொட்டினது மாதிரி கனமாகக் கிடந்தது. எனக்குக் காலையிலிருந்தே ஒன்றும் ஓடவில்லை. இப்போது சொல்வதால் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ. ஆனால் கடையைத் திறந்ததும் வாசல் தெளிக்கிற தண்ணீரைக் காலில் கொட்டிக்கொண்டது நினைவிருக்கிறது.

காய்ச்சலால் கடலுக்குப் போகாத ஒருவர் உறை மாற்றவேண்டும் என்று போனைக் கொடுத்தார். ஆப் திறந்தே இருந்தது. புது உறையில் போட்டு, வாயைக் கட்டி, மேலே படிந்திருந்த தூசியைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினேன். கடலில் திவலை தெறிக்கும்போது இப்படித்தான் துடைப்பார்கள், நான் கரையில் பார்த்திருக்கிறேன். விரல் திரையின் அடிப்பக்கம் போனது. வலது பக்கம் இருந்த புள்ளி வழுக்கி இடது பக்கம் வந்து உட்கார்ந்தது.

ஒரு சத்தம் இல்லை, ஓர் அதிர்வு இல்லை. திரும்பத் தடவினேன். வலது பக்கம் போனது. இன்னொரு தடவு, இடது பக்கம்.

சேசுவே, என்றேன். வாய்விட்டுத்தான் சொன்னேன்போல, காய்ச்சல்காரர் என்னைப் பார்த்தார். பழைய மணியை அமுக்கிப் பிடித்தால்தான் அணையும், தடவினால் அசையாது. இது துடைத்தாலே அணைந்துவிடுகிறது. போட்டில் ஓட்டுகிறவர் நாள் முழுக்க வேறு எதைச் செய்கிறாரோ இல்லையோ, உறையைத் துடைத்துக்கொண்டே இருப்பார். அணைந்தது தெரியவும் வழியில்லை. போனை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். மங்கின பாலித்தீனுக்குள் இளம் பச்சையும் சாம்பலும் ஒரே வெளுப்பு. புள்ளி எந்தப் பக்கம் என்பது மட்டும் லேசாகத் தெரிந்தது. எல்லா நிறத்தையும் நிழலையும் உரித்துப்போட்ட பிறகு மிச்சம் இருந்தது அந்தப் பக்கம் ஒன்றுதான்.

கடையை அப்படியே போட்டுவிட்டுச் சங்கத்துக்கு ஓடினேன். அங்கே வாக்கி டாக்கி பார்க்கிற பெரியவர் ஒருவர் இருந்தார், எனக்கு மாமா முறை வேண்டும். என் வீட்டுக்காரர் போட்டுக்குப் பேசவேண்டும் மாமா, இப்பவே, என்று மூச்சு வாங்கச் சொன்னேன்.

"பதறாத. தூரத்துல இருக்காக. நடுவுல ஒரு போட்ட வச்சுத்தான் சொல்லணும். ஒத்த வார்த்தையில சொல்லு, இங்கிட்டு எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்காக."

ஒற்றை வார்த்தையில் எதைச் சொல்வது? அமுக்கிக் கத்த வைத்துப் பாருங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அப்புறம் யோசித்தேன். வலைக் கயிறு பிடித்த ஈரக் கை. அமுக்கப் போய் வழுக்கி, எரிகிற விளக்கையும் அணைத்துவிட்டால்? இவ்வளவு நேரம் நான் கடையில் அணைத்து அணைத்துத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். தொடுவதைவிடப் பார்ப்பது மேல் என்று பட்டது.

"புள்ளி வலது பக்கம் இருக்கான்னு மட்டும் பாக்கச் சொல்லுங்க மாமா. இருந்தா கைய வைக்க வேணாம். தொடவே வேணாம்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க."

மாமா சொன்னார். நடுப்போட்டுக்காரர் வாங்கிச் சொன்னார். கரகரவென்று இரைச்சல். நான் சுவரில் இருந்த மாதா படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் நடுப்போட்டுக்காரர் குரல் வந்தது.

"வலது பக்கந்தான் இருக்காம். நல்லாப் பாத்துட்டாராம். அந்தப் புள்ளைய போயி கடையப் பாக்கச் சொல்லுங்கிறாரு."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அழுகையும் வந்தது. மற்றப் போட்டுகளுக்கும் இதையே சொல்லிவிடுங்கள் என்று மாமாவிடம் சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்பி, கொட்டின தண்ணீரைத் துடைத்தேன். பசித்தது. காலையில் செய்த இட்லியை உட்கார்ந்து சாப்பிட்டேன்.

பொழுது சாயப்போகிற நேரம். டீசல் பம்ப் கெட்டுப்போய் ஒரு போட்டு பாதியிலேயே திரும்பி வந்திருப்பதாகச் சொன்னார்கள். அதன் டிரைவர் என் வீட்டுக்காரருக்குக் கூட்டாளி, நான் அண்ணே என்று கூப்பிடுகிறவர். அவர் ஆள் அனுப்பினார்: "வாக்கியில சொன்னீகளே, அந்தப் புள்ளி. என் போன ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க தங்கச்சி. நான் எண்ணெய்க் கையா இருக்கேன்." போனேன். போட்டு மேடையை ஒட்டிக் கட்டியிருந்தது. அண்ணன் கை முழங்கை வரைக்கும் கறுப்பு.

"ஏறி வாங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக. போட்டுதான் ஓடலையே" என்றார்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு போட்டில் ஏறினேன். டிரைவர் நிற்கிற கூண்டுக்குள் எட்டிப் பார்த்தேன். சுக்கானுக்கு மேலே, கூரையிலிருந்து இறங்கின சார்ஜர் வயரில், உறைக்குள் போன் தொங்கியது. நான் அந்தக் கூட்டத்தில் சொன்ன மாதிரியேதான், முகத்துக்கு நேராக. பாலித்தீன் உப்புப் படிந்து வெளுத்திருந்தது. உற்றுப் பார்த்தேன். நீள்வட்டம் தெரிந்தது. புள்ளி வலது பக்கம்.

"வலது பக்கந்தான் இருக்குண்ணே. பயமில்ல" என்றேன்.

"அப்ப சரி. அதக் கழட்டி நீங்களே எடுத்துட்டுப் போயி சார்ஜ் போட்டு வைங்க, இங்க கரண்டு இல்ல" என்றார்.

வயரைப் பிடுங்கி, ரப்பர் பேண்டைக் கழற்றிப் போனைக் கையில் எடுத்தேன். எல்லோரும் போனைப் பிடிக்கிற மாதிரி நேராகப் பிடிப்பதற்காகத் திருப்பினேன்.

புள்ளி இடது பக்கம் இருந்தது.

ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. கை தட்டித் தள்ளிவிட்டதோ என்று நினைத்தேன். திரும்பப் போனைத் தொங்கின மாதிரியே பிடித்தேன். வலது பக்கம். நேராக்கினேன். இடது பக்கம்.

"அண்ணே, இத ஏன் தலைகீழாக் கட்டியிருக்கீங்க?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "பெறகு எப்படிக் கட்டுறது? சார்ஜர் ஓட்டை அடியிலதான இருக்கு, வயரு மேலயிருந்துல்ல வருது? அதுவுமில்லாம, நேராக் கட்டினா படத்துல கரை மேலயும் கடல் கீழயும் வரும். நாம போறது தெக்கால. தலைகீழாத் தொங்கவிட்டா கரை நம்ம முதுகுப் பக்கம், எல்லை நமக்கு முன்னாடி. போற தெசை மேல வந்துரும். எல்லாப் போட்டுலயும் இப்படித்தான் தங்கச்சி. ஒங்க வீட்டுக்காரரு போட்டுலயும் இப்படித்தான்."

எல்லாப் போட்டிலும் இப்படித்தான். போனைத் திருப்பினாலும் அந்த ஆப்பில் படம் கூடவே திரும்பாது. மணி இருந்தவரைக்கும் இதனால் ஒரு கெடுதலும் வந்ததில்லை. தலைகீழாகத் தொங்கினாலும் மணி மணிதான். சிவப்புப் பெருக்கல் குறியைத் தலைகீழாகப் போட்டாலும் பெருக்கல் குறிதான். புள்ளிக்கு மட்டும்தான் வலதும் இடதும் மாறும். அப்படியென்றால் காலையில் அவர் வலது பக்கம் என்று பார்த்தது எது?

போட்டிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. முழங்காலில் சிராய்ப்பு இருந்ததை மறுநாள்தான் பார்த்தேன். மாமா, மாமா என்று கத்திக்கொண்டே சங்கத்து அறைக்குள் நுழைந்தேன். சொன்னேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்துக் காட்டினேன். அவர் முகம் மாறியது. வாக்கியை எடுத்துக் கூப்பிட்டார். கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

காலையில் நடுவில் நின்று வாங்கிச் சொன்ன போட்டு கிடைத்தது. அவர்கள் தங்கள் போனைக் கழற்றிப் பார்த்துவிட்டு, ஆமாம், அணைந்துதான் கிடந்தது என்றார்கள். இன்னும் சிலர் கிடைத்தார்கள். எல்லோரும் கிடைத்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். என் வீட்டுக்காரர் போட்டு மட்டும் எடுக்கவில்லை. மீன் பட்டுக்கொண்டு போகும்போது தெற்கே இறங்கியிருப்பார், அவ்வளவு தூரம் இது எட்டாது என்று மாமா சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கடல் கறுத்துக்கொண்டு வந்தது.

விடிந்ததும் போட்டுகள் வரிசையாக உள்ளே வந்தன. ஐஸ் உடைக்கிற சத்தம், ஏலம் கூப்பிடுகிற சத்தம், கூடைகள். நான் மேடை ஓரத்தில் நின்றேன். வந்தவர்கள் என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு அங்கிட்டு நகர்ந்தார்கள். அப்போதே தெரிந்துவிட்டது. வெயில் ஏறினபிறகு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது; எங்கள் கரையில் எல்லோருக்கும் அந்த மாதிரிப் படம் பழக்கம். பிடிபட்ட ஆட்களை மேல்தளத்தில் உட்கார வைத்து அக்கரை நேவிக்காரர்கள் எடுத்த படம். ஓரத்தில் அவர். சட்டை பொத்தான் போடாமல், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. நான் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், முகம் கட்டம் கட்டமாக உடைந்ததுதான் மிச்சம்.

அதற்குப்பிறகு என்ன நடக்குமோ அதெல்லாம் நடந்தது. மனு, மறியல், புதுக்கோட்டைக்கும் வீட்டுக்கும் அலைச்சல். கூடப்போன மற்றவர்கள் முதல் தடவை பிடிபட்டவர்கள் என்பதால் கொஞ்ச நாளில் வந்துவிட்டார்கள். அவர் வரவில்லை. இரண்டாவது தடவை என்று எழுதி, அங்கே அவர்கள் முன்னமே சொன்ன தண்டனையைக் கொடுத்தார்கள். வருஷக்கணக்கில்தான்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நான்கு கேள்வி கேட்கவேண்டும் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அந்தப் பெண்தான் எடுத்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் ஒரு சமாதானமும் சொல்லவில்லை. அப்புறம், "தொங்குற மாதிரியே ஒரு போட்டோ எடுத்து அனுப்புறீங்களாக்கா?" என்றாள். குரல் உடைந்திருந்தது. எனக்கு அவளைத் திட்ட வரவில்லை. அண்ணன் போட்டில் ஏறிப் படம் எடுத்து அனுப்பினேன். அடுத்த முறை ஆப் மாறி வந்தபோது மணி திரும்பி வந்திருந்தது. நிழல் இல்லாமல் தட்டையாக, ஆனால் சிவப்புப் பெருக்கல் குறியோடு. துடைத்தால் அணையாது. போனும் சூடாகவில்லை, உறையவும் இல்லை. இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியும் என்று அதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

ஜெயிலிலிருந்து எப்போதாவது பேச விடுவார்கள். கொஞ்ச நேரம்தான். முதல் தடவை பேசினபோது இரண்டு பேரும் அழுதோம், அதிலேயே நேரம் போய்விட்டது. இரண்டாவது தடவை அவர் தெளிவாக இருந்தார். சாப்பாடு பரவாயில்லை என்றார். கடையை மூடிவிடாதே என்றார். அப்புறம், இத்தனை நாள் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்ததைக் கேட்கிற குரலில் கேட்டார்.

"ஏ புள்ள, எனக்கு ஒண்ணுதான் வெளங்கல. புள்ளி வலது பக்கந்தான் இருந்துச்சு. நீ சொல்லிவிட்டதும் நல்லா உத்துப் பாத்தேன். பெறகு ஏன் அது கத்தவே இல்ல? போன்ல ஏதும் கோளாறா? அந்தக் கம்பெனி போன யாருக்கும் விக்காத, என்ன?"

நான் சொல்ல வாயெடுத்தேன். தலைகீழ், வலது, இடது, காலண்டர். எங்கிருந்து தொடங்குவது?

அதற்குள் அவரே பேசினார். "வழக்கமா வல எறக்குறதுக்கு முன்னாடி ஒருக்கா அமுக்கிப் பிடிச்சு சத்தம் கேட்டுக்குவேன். கேக்காம எறக்க மாட்டேன், ஒனக்குத்தான் தெரியுமே, வீட்டுல எத்தன ஏச்சு வாங்கியிருக்கேன். அன்னிக்கும் அமுக்கத்தான் கையக் கொண்டு போனேன். நீ தொட வேணாம்னு சொல்லிவிட்டியா. சரி, அவ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

பின்னால் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். நேரமாகிவிட்டது.

"கேக்குதா?" என்றார்.

"கேக்குதுங்க" என்றேன்.